நெட்டை மரமும் நிழலின் கணக்கும்

(காப்பி விளையும் மாவட்டங்களில் பணியேற்கவிருக்கும் இளம் அலுவலர்களுக்கும் பொருளியல் மாணவர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மரம். பொருளியல் பயின்று, கோப்புகளோடு முப்பது ஆண்டுகளைக் கழித்த ஒருவன் மரம் வளர்ப்பைப் பற்றிப் பேசுவதில் என்ன பொருத்தம் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். காப்பித் தோட்டத்தில் நிற்கும் நிழல் மரம் வெறும் தாவரம் அன்று. சட்டம், சந்தை, வட்டி, கூலி, மழை ஆகிய ஐந்தும் அங்கே ஒன்றுகூடுகின்றன. ஆதலின் ஒரு விவசாயி எந்த மரத்தை நடுகிறார், எதை நடாமல் விடுகிறார் என்பதை ஆராய்ந்தால், நம் திட்டங்கள் சிற்றூரை எட்டும்போது என்ன உருவம் பெறுகின்றன என்பது புலப்படும்.

நான் குறிப்பிடும் மரம் சில்வர் ஓக். நீலகிரியிலும் ஏற்காட்டிலும் இதைச் சவுக்கு என்றே அழைப்போர் உண்டு. கடற்கரை மணலில் வளரும் சவுக்கு வேறு, இது வேறு. கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு பேச விரும்புகிறேன். இந்தியாவில் விளையும் காப்பியில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கு கர்நாடகத்தில் விளைகிறது. அதில் குடகின் பங்கு மிகப் பெரிது. அங்கே என் பணிக்காலத்தின் தொடக்கத்தில் நானும் சில ஆண்டுகள் இருந்தேன். அப்போது நான் செய்த ஒரு பிழையையும் இவ்வுரையில் சொல்லவிருக்கிறேன்.

மரத்தின் இயல்பு

சில்வர் ஓக்கின் தாயகம் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி. தெற்குக் குவீன்ஸ்லாந்தும் அதனை அடுத்த வடக்கு நியூ சவுத் வேல்ஸும் இதன் பிறப்பிடம். பெயரில் ஓக் என்று இருப்பினும் ஐரோப்பிய ஓக் மரத்துக்கும் இதற்கும் உறவு இல்லை. தாவரவியலார் இதனைக் கிரெவில்லியா ரோபஸ்டா என்பர். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து, தேயிலை, காப்பித் தோட்டங்களில் இடம்பெற்றது.

நேராக ஓங்கி வளர்வது இதன் முதல் சிறப்பு. நல்ல மண்ணில் 20 மீட்டருக்கும் மேலாக உயரும்; ஆயினும் கிளைப் பரப்பு குறுகலாகவே இருக்கும். பெரணி போல் பிளவுபட்ட இலையின் அடிப்புறம் வெள்ளி நிறமாக மின்னும். கோடையில் இலையைப் பெருமளவு உதிர்த்துவிட்டு, பொன்னிறப் பூக்களைத் தாங்கி நிற்கும். இதன் வேர்களில் தூரிகை போன்ற சிறுவேர்க் கொத்துகள் தோன்றுகின்றன. மண்ணில் எளிதில் கிடைக்காத மணிச்சத்தையும் இவை கரைத்து எடுத்துக்கொள்ளும். வளமற்ற நிலத்திலும் இம்மரம் விரைந்து வளர்வதற்கு இது ஒரு காரணம். ஆனால் அவரை இனத்தைச் சேர்ந்த கல்யாண முருங்கையைப் போல் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் ஆற்றல் இதற்குக் கிடையாது.

விவசாயி இதை ஏன் நட்டார்?

குடகின் பழைய காப்பித் தோட்டங்களில் நிழல் தந்தவை காட்டு மரங்கள். பலா, அத்தி, நாவல், தான்றி, ஈட்டி முதலியவை அகன்ற குடை விரித்து மேல் அடுக்காக நின்றன. அவற்றின் கீழ்க் கல்யாண முருங்கை இரண்டாம் அடுக்காகவும், அதன் கீழ்க் காப்பி மூன்றாம் அடுக்காகவும் அமைந்தன. இன்று பல தோட்டங்களில் மேல் அடுக்கின் பெரும்பகுதியைச் சில்வர் ஓக் பிடித்துக்கொண்டிருப்பது கண்கூடு. இந்த மாற்றத்தை விவசாயியின் அறியாமை என்றோ பேராசை என்றோ தள்ளிவிடுவது எளிது. அவர் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது தவறு என்பது விளங்கும்.

முதலில் சட்டத்தைக் கவனிப்போம். 1899ஆம் ஆண்டின் குடகு நில வருவாய் ஒழுங்குமுறையின் கீழ், நிலங்கள் மீட்கப்பட்டவை, மீட்கப்படாதவை என இரு வகையாகக் கருதப்பட்டன. மரத்தின் மதிப்பை அரசுக்குச் செலுத்தி உரிமை பெறாத நிலத்தில், இயற்கையாக வளர்ந்த காட்டு மரத்தின் மீது அரசுக்கே உரிமை. நிலம் விவசாயியுடையது, மரமோ அரசுடையது என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. பின்னர் வந்த 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம், மரம் வெட்ட முன் அனுமதி பெற வேண்டும் என விதித்தது. ஆனால் சவுக்கு, தைலமரம், ரப்பர், சில்வர் ஓக் முதலிய சிலவற்றுக்கு விலக்கு அளித்தது. காட்டு மரத்தைக் காப்பதே இச்சட்டங்களின் நோக்கம். விவசாயியின் கண்ணுக்கோ இவை வேறொரு செய்தியைச் சொல்லின: தானாக முளைத்த ஈட்டிக் கன்றை வளர்த்தால் நாளை அதற்கு நீ பொறுப்பாளி, சில்வர் ஓக் நட்டால் நீ உரிமையாளன். களையெடுக்கும் கத்தி எந்தக் கன்றின் மேல் விழும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது வட்டி. மாணவர்கள் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். 25 ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் 1,000 ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 92 ரூபாய். 50 ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் 10,000 ரூபாயின் இன்றைய மதிப்பு 85 ரூபாய். இத்தொகைகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை; சந்தை விலைகள் அல்ல. எனினும் உண்மை தெளிவு. மெல்ல வளரும் மரம் பத்து மடங்கு விலைக்குப் போனாலும், விரைந்து வளரும் மரமே சிறு விவசாயிக்குச் சற்று மேலானது. இந்தியக் காப்பித் தோட்டங்களில் மிகப் பெரும்பான்மையானவை 10 ஹெக்டேருக்குக் குறைந்தவை. அவற்றின் உடைமையாளர்களுக்கு 50 ஆண்டுகள் காத்திருக்கும் வசதி இல்லை.

மூன்றாவது, இடரும் சந்தையும். 1989இல் பன்னாட்டுக் காப்பி உடன்படிக்கையின் ஒதுக்கீட்டு முறை முறிந்தது. 1990களில் காப்பி வாரியத்தின் கூட்டு விற்பனை முறையும் படிப்படியாகத் தளர்ந்து, விவசாயி நேரடியாகச் சந்தையைச் சந்திக்கலானார். 2001, 2002ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் காப்பி விலை முப்பது ஆண்டுகளில் காணாத அளவுக்குச் சரிந்தது. அத்தகைய ஆண்டுகளில் பள்ளிக் கட்டணத்தையும் மருத்துவச் செலவையும் ஈடுசெய்தது தோட்டத்து மரமே. மேலும் சில்வர் ஓக்கின் நேரான தண்டில் மிளகுக் கொடி நன்றாக ஏறும். காப்பி, மிளகு, மரம் என மூன்று வருவாய் ஒரே நிலத்தில். இதைவிடச் சிறந்த காப்பீட்டை அக்காலத்தில் எந்த நிறுவனமும் அவருக்கு அளிக்கவில்லை.

என் பிழை

இப்போது என் பிழைக்கு வருகிறேன். 2000ஆம் ஆண்டை ஒட்டி, மரக்கன்று வழங்கும் ஒரு திட்டத்தின் முன்னேற்ற அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு இருந்தது. எத்தனை கன்றுகள் வழங்கப்பட்டன, எத்தனை பிழைத்தன என்ற இரண்டே பத்திகள் அப்படிவத்தில் இருந்தன. சில்வர் ஓக் நாற்றங்காலில் எளிதில் வளர்வது. ஆடுமாடு அவ்வளவாக நாடாதது. நட்டால் பெரும்பாலும் பிழைப்பது. ஆகவே இலக்கை எட்டுவதற்கு அதுவே உகந்தது எனக் குறிப்பு எழுதினேன். இலக்கும் எட்டப்பட்டது. பாராட்டும் கிடைத்தது.

சில ஆண்டுகள் கழித்து அதே பகுதிக்கு மீண்டும் சென்றேன். சிறு நிலத்தில் அராபிகா பயிரிட்டிருந்த ஒரு முதியவர் என்னை நினைவு வைத்திருந்தார். காப்பி விலை சரிந்தபோது தம் தோட்டத்தின் அகன்ற மரங்களை இழந்துவிட்டு, நாங்கள் வழங்கிய கன்றுகளை வரிசையாக நட்டிருந்தார். கன்றுகள் பனை உயரத்துக்கு வளர்ந்திருந்தன. என் அறிக்கைப்படி அது முழு வெற்றி. அவரோ மரங்களைக் காட்டாமல், வேரோடு பிடுங்கி எரிப்பதற்காகக் குவித்திருந்த காப்பிச் செடிகளைக் காட்டினார். ஒவ்வொன்றின் தண்டிலும் வளையம் வளையமாகத் தடிப்பு. உடைத்துப் பார்த்தால் உள்ளே புழு குடைந்த வழி. தம் செடிகளில் பாதிக்கு மேல் போய்விட்டன என்றார். என்னை அவர் குறை கூறவில்லை. “மரம் நன்றாகத்தான் வந்திருக்கிறது, நிழல்தான் வரவில்லை” என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியம் எங்கள் படிவத்தின் எந்தப் பத்தியிலும் அடங்காது.

நிழல் ஏன் வரவில்லை?

அவர் செடிகளைக் கொன்றது வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு. அராபிகா காப்பியின் மிகக் கொடிய பகை இது. தாய் வண்டு தண்டின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். புழு மரப்பகுதியைக் குடைந்து உண்ணும். இளஞ்செடி ஓராண்டிலேயே மடியக்கூடும். வண்டுகள் வெளிவரும் பருவம் ஆண்டில் இரண்டு: ஏப்ரல், மே மாதங்கள் ஒன்று; அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. வெயில் படும் தண்டையே இவ்வண்டு நாடுகிறது. ஆகவே நல்ல நிழலே இதற்கு எதிரான முதல் அரண்.

இப்போது சூரியனின் வழியைப் பாருங்கள். குடகு வட அகலாங்கு 12 பாகையை ஒட்டி அமைந்துள்ளது. ஏப்ரல் மாதப் பிற்பகுதியில் அங்கே நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கிறது. அகன்ற குடையுடைய அத்தி மரம் அப்போதும் தன் கீழுள்ள செடிகளை மறைக்கும். குறுகிய சில்வர் ஓக்கின் நிழலோ அதன் காலடியிலேயே விழுந்துவிடும். காலையிலும் மாலையிலும் நீண்டு விழும் நிழல், தேவைப்படும் உச்சிவேளையில் இல்லை. போதாக்குறைக்கு, கோடையில்தான் அம்மரம் இலையுதிர்க்கிறது. வண்டு பறக்கும் பருவம், சூரியன் உச்சியில் நிற்கும் பருவம், மரம் இலையற்று நிற்கும் பருவம் ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திவிடுகின்றன.

இது புதிய பாடமும் அன்று. 1860களில் குடகுத் தோட்டக்காரர்கள் பலர் காட்டை முற்றாக அழித்து, திறந்த வெயிலில் காப்பி நட்டனர். துளைப்பான் பெருகித் தோட்டங்கள் பாழாயின. சென்னை மாகாண அரசு டாக்டர் ஜார்ஜ் பிடியை ஆய்வுக்கு அனுப்பியது. 1869இல் வெளியான அவருடைய அறிக்கை நிழலின் இன்றியமையாமையை வலியுறுத்தியது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கோப்பில் ஏறிய உண்மை அது. அதை நான் படித்திருக்க வேண்டும், படிக்கவில்லை.

நிழலின் கணக்கு

மீண்டும் தாளுக்கு வருவோம். முன்னர் போட்ட கணக்கில் மரத்தின் விலை இருந்தது. நிழலின் விலை இல்லை. நிழல் ஆண்டுதோறும் தரும் நன்மை, அதாவது காக்கப்பட்ட செடி, மிச்சமான நீர், உதிர்ந்து மட்கிய இலை, குறைந்த களையெடுப்புக் கூலி ஆகியவற்றின் மதிப்பு, ஆண்டுக்கு வெறும் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே 10 விழுக்காடு வட்டியில் 25 ஆண்டுகளுக்கு அதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 91 ரூபாய். 25ஆம் ஆண்டு முடிவில் வரும் 1,000 ரூபாய்க்கும் இதற்கும் வேறுபாடு அநேகமாக இல்லை.

இதன் பொருள் என்ன? மரத்தின் விலையில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கேனும் கூடுதலான நிழல் நன்மையை ஒரு மரம் ஆண்டுதோறும் தருமாயின், வெட்டி விற்கும் மதிப்பே இல்லாவிடினும் அது சில்வர் ஓக்குக்கு நிகரானது. மரத்தின் விலை ஒரே நாளில், ரொக்கமாக, கைக்கு வருகிறது. நிழலின் விலை சிறிது சிறிதாக, வராத இழப்பு என்னும் வடிவில் வருகிறது. வராத இழப்பை விவசாயியின் கணக்கேடும் பதிவதில்லை. நம் படிவமும் பதிவதில்லை.

இதற்காகச் சில்வர் ஓக்கை வெட்டி எறிய வேண்டும் என்று நான் கூறவில்லை. சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் போடக்கூடாது என்பது பொருளியலின் எளிய பாடம். தோட்டத்தின் மேல் அடுக்கு முழுவதும் ஒரே இன மரமாக இருப்பதும் அதே தவறு. எல்லையிலும் சாலையோரத்திலும் மிளகு படரும் இடங்களிலும் இம்மரம் நிற்கட்டும். இடையிடையே அகன்ற குடையுடைய அத்தியும் பலாவும் பிறவும் நின்று நிழல் தரட்டும். ரொபஸ்டா காப்பிக்கு நிழல் சற்றுக் குறைந்தாலும் தாழ்வில்லை. துளைப்பானின் தொல்லையும் அதற்கு அரிது. அராபிகா உள்ள இடத்தில் இவ்வேறுபாட்டை ஒருபோதும் மறக்கக்கூடாது.

வளர்ப்பும் பராமரிப்பும்

நடுவதென முடிவு செய்தபின் முறையாக நட வேண்டும். உங்களில் பலர் நாற்றங்கால்களை மேற்பார்வையிடப் போகிறவர்கள். ஆதலின் சில நடைமுறைக் குறிப்புகளைத் தருகிறேன்.

விதை: காய் பழுப்பு நிறமாக மாறத் தொடங்கியதும் பறித்துவிட வேண்டும். காய் வெடித்தால் இறகுடைய விதை காற்றில் பறந்துவிடும். பறித்த காய்களை நிழலில் உலர்த்தினால் விதை வெளிவரும். ஈரப்பதம் மிகுந்த இடத்தில் வைத்தால் முளைப்புத் திறன் விரைவில் குன்றும். எனவே உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் மூடி வைத்து, கூடிய விரைவில் விதைப்பது நலம். நேராகவும் திடமாகவும் வளர்ந்த பல மரங்களிலிருந்து விதை சேகரிக்க வேண்டும். எளிதில் எட்டுகிறது என்பதற்காக ஒரே மரத்தின் விதையை எடுத்தால், அதன் குறை எல்லாக் கன்றுகளிலும் தொடரும்.

நாற்று: மணல் கலந்த பாத்தியில் விதைத்து, இரண்டு மூன்று இலை விட்டதும் மண் நிரப்பிய பைகளுக்கு மாற்றலாம். நீர் தேங்கினால் நாற்று அழுகும். சுமார் 30 முதல் 45 சென்டிமீட்டர் உயரமுள்ள கன்று நடவுக்கு ஏற்றது. பையில் நெடுநாள் தங்கி வேர் சுருண்ட கன்றை வழங்காதீர்கள். அது அறிக்கையில் பிழைத்த கன்றாகப் பதிவாகும். பத்தாம் ஆண்டில் காற்றுக்குச் சாயும்.

நடவு: கோடை மழைக்குப் பின் குழி எடுத்து ஆறவிட்டு, மேல்மண்ணும் மட்கிய எருவும் இட்டு நிரப்பி, தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் நட வேண்டும். நீர் தேங்கும் பள்ளம் இம்மரத்துக்கு ஆகாது. இடைவெளியைப் பொறுத்தவரை, தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களில் 6 மீட்டருக்கு ஒன்றாக நட்டு, மரம் வளர்ந்தபின் இடையிலுள்ளவற்றை அகற்றி 12 மீட்டராக்கும் வழக்கம் உண்டு. இதில் நட்டவர் பலர், அகற்றியவர் சிலர். நெருக்கமாக விடப்பட்ட மரங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு, ஒல்லியாகி, நீருக்காகப் பயிரையும் வருத்தும்.

முதல் இரண்டு ஆண்டுகள்: கன்றைச் சுற்றிக் களை நீக்கி, கோடையில் சருகு மூடாக்கு இட வேண்டும். கறையான் தாக்குதலையும் கவனிக்க வேண்டும். உச்சிக் குருத்து இரண்டாகப் பிரிந்தால் வலுவானதை விட்டு மற்றதை உடனே வெட்டிவிட வேண்டும். பின்னாளில் காற்றில் பிளப்பவை பெரும்பாலும் இத்தகைய இரட்டைத் தண்டு மரங்களே.

கவாத்து: கீழ்க் கிளைகளைச் சிறுகச் சிறுக, ஆண்டுக்குச் சில என நீக்க வேண்டும். ஒரே நாளில் மொட்டையடித்து உச்சியில் ஒரு கொத்து இலையை மட்டும் விட்டால் மரம் வளர்ச்சி குன்றும், காற்றிலும் ஒடியும். கூரிய கருவியால், பட்டை கிழியாமல், தண்டை ஒட்டி வெட்டுவது முறை. குறிப்பிட்ட உயரத்தில் தலையை வெட்டினால் இம்மரம் பக்கக் கிளைகளை விட்டு அகலும், நிழலும் கூடும். அடியோடு வெட்டினால் கட்டையிலிருந்து நன்றாகத் தழைப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இலைகளைக் கையாளும்போது சிலருக்குத் தோல் அரிப்பு உண்டாகும். தொழிலாளர் கைகளை மூடிக்கொள்வது நல்லது.

நிழல் கவாத்தின் காலம் மிக முக்கியம். பருவமழைக்காலத்தில் வானமே இருண்டிருக்கும். அப்போது மிகுந்த நிழல் இருந்தால் கொளேரோகா எனப்படும் கருநிற அழுகல் நோய் காப்பியைத் தாக்கும். எனவே மழைக்கு முன் நிழலைச் சற்றுக் குறைக்க வேண்டும். ஆனால் மார்ச் மாதத்திலேயே கூலியாள் கிடைத்தார் என்பதற்காகக் கிளைகளை வெட்டிவிட்டால், ஏப்ரல் வெயிலும் வண்டும் ஒன்றாக வந்து சேரும். சில வாரங்கள் பொறுப்பதில் ஒரு தோட்டத்தின் நலம் அடங்கியிருக்கிறது.

மிளகு: மரம் மூன்று ஆண்டு வளர்ந்தபின் அதன் வடபுறத்தில் கொடியை நடுவது வழக்கம். உயரமான மரத்தில் ஏறிய மிளகைப் பறிப்பது ஒற்றை மூங்கில் ஏணியில் நிற்கும் தொழிலாளியின் உயிரோடு தொடர்புடையது. எனவே கொடியை எட்டும் உயரத்தில் நிறுத்துவது வருவாய்க் கணக்கு மட்டும் அன்று.

சருகு: இம்மரத்தின் சருகு மெல்லவே மட்கும். மண்ணை மூடி ஈரத்தைக் காக்க அது உதவும். உரமாக உடனே பயன்படாது. இலை விரைவில் மட்கும் கல்யாண முருங்கையைக் கீழ் அடுக்கில் சேர்த்துக்கொண்டால் இக்குறை நீங்கும்.

நாம் செய்ய வேண்டியவை

விவசாயி செய்ய வேண்டியவற்றைக் கூறினேன். நாம் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, நாற்றங்காலில் இனங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. அத்தி, பலா, நாவல், தான்றி ஆகியவற்றின் கன்றுகள் பருவமழைக்கு முன் விவசாயியின் ஊருக்கு வந்துசேர வேண்டும். ஆகஸ்டில் வரும் நல்ல கன்றைவிட ஜூனில் வரும் சில்வர் ஓக் கன்றையே அவர் விரும்புவார்; அது நியாயமே.

இரண்டாவது, நட்டவருக்கு மரம் சொந்தம் என்ற உறுதி. 2014ஆம் ஆண்டின் தேசிய வேளாண் காடு வளர்ப்புக் கொள்கை, பயிரோடு மரம் வளர்ப்பதற்குத் தடையாக உள்ள வெட்டுதல், கொண்டுசெல்லுதல் தொடர்பான விதிகளை எளிமையாக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டது. கொள்கை ஏற்பதோடு நம் பணி முடிவதில்லை. ஒரு விவசாயி தாம் நட்ட நாட்டு மரத்தைப் பதிவு செய்ய எத்தனை முறை அலுவலகத்துக்கு நடக்கிறார் என்பதே கொள்கையின் உண்மையான அளவுகோல். காட்டு மரத்தைக் காப்பதும் வேண்டும். காட்டு மரம் வளர்ப்பவரைத் தண்டிக்காமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துச் செய்வது எளிதன்று என்பதை அறிவேன். எளிதன்று என்பதற்காகவே அலுவலர்கள் இருக்கிறோம்.

மூன்றாவது, நம் படிவங்கள். வழங்கியவை எத்தனை, பிழைத்தவை எத்தனை என்பதோடு, ஐந்தாம் ஆண்டில் ஏப்ரல் மாத நண்பகலில் செடியின் மேல் நிழல் விழுகிறதா என்ற ஒரு வினாவைச் சேர்க்கலாம். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. அங்கே போய் நின்று பார்த்தால் போதும்.

குடகு மலையில் தலைக்காவேரியில் தோன்றும் ஆறுதான் தஞ்சை வயல்கள் வரை வருகிறது. அம்மலைச் சரிவுகளில் மண்ணை மூடி, மழைநீரை நிதானமாக உள்ளிறங்கச் செய்யும் மர அடுக்குகளில் காப்பித் தோட்டங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆகவே அங்கே ஒரு சிறு விவசாயி எந்தக் கன்றை விட்டுவைக்கிறார் என்பது அவருடைய தனி விவகாரம் மட்டும் அன்று. ஆனால் அதன் செலவை அவர் ஒருவரே சுமக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் ஆகாது.

அந்த முதியவரின் தோட்டத்துக்கு அதன் பிறகும் ஒருமுறை போயிருந்தேன். சில்வர் ஓக் மரங்களில் ஒன்றுவிட்டு ஒன்றை விற்றிருந்தார். அந்தப் பணத்தில் புதிய காப்பிக் கன்றுகளை நட்டு, இடைவெளிகளில் அத்திக் கிளைகளையும் பலாக் கன்றுகளையும் ஊன்றியிருந்தார். அவை அவர் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தன. அவற்றை எந்தத் திட்டத்தில் பெற்றார் என்று கேட்டேன். திட்டம் எதுவும் இல்லை, பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்கியது என்றார். அடுத்த முறை அவ்வினாவுக்கு வேறு விடை கிடைக்கச் செய்வது உங்கள் கையில் இருக்கிறது.